புது லேப்டாப்புக்குப் பேக்கப், ரெக்கவரி ஏற்பாடு: விண்டோஸ் 11 செய்முறை

இந்த வேலைகளை லேப்டாப் வாங்கிய முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில், எல்லாம் போனாலும் டேட்டா ரெக்கவரி கடைக்குக் கொண்டுபோனால் ஏதாவது தேறும். இப்போதைய எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை வேண்டாம். அழித்த கோப்பின் இடத்தை டிரிம் வசதி உடனுக்குடன் காலி செய்துவிடும். போதாக்குறைக்கு டிரைவ் முழுக்கப் பெரும்பாலும் என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது கீ எனப்படும் ரகசிய எண் இருந்தால்தான் படிக்க முடியும்படி பூட்டியிருக்கும். கீ இல்லாமல் கடைக்காரராலும் திறக்க முடியாது.

தேவையானவை: 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று, 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் இன்னொன்று, எஸ்எஸ்டியைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவுள்ள எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். 512 ஜிபி லேப்டாப்புக்கு 1 டிபி போதும். இரண்டு பென் டிரைவிலும் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்கூட்டியே காலி செய்துகொள்ளுங்கள்.

1. பிட்லாக்கர் ரெக்கவரி கீ

பிட்லாக்கர் என்பது விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதி. மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதன் கீயைப் பத்திரப்படுத்துங்கள். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் லாகின் செய்திருந்தால் பெரும்பாலும் 'ஆன்' என்றுதான் இருக்கும், நீங்கள் கேட்காவிட்டாலும். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட், மதர்போர்டு மாற்றம், செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பயாஸ் வசதி) அணைத்தல் இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் நீலத்திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும்.

ஸ்டார்ட் மெனுவில் பிட்லாக்கர் என்று தேடி 'மேனேஜ் பிட்லாக்கர்' திறந்து, 'பேக் அப் யுவர் ரெக்கவரி கீ' கொடுங்கள். கோப்பாகச் சேமிக்கும்போது சி டிரைவைக் காட்டினால் ஏற்காது. மேலே சொன்ன இரண்டு பென் டிரைவும் பிறகு அழிந்துவிடும் என்பதால் வேறொரு பென் டிரைவில் போடுங்கள், காகிதத்திலும் அச்செடுங்கள். கூடவே 'கீ ஐடி' என்று ஒன்று வரும். நீலத்திரையில் தெரியும் ஐடியின் முதல் 8 எழுத்துகளும் உங்கள் தாளில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் அது சரியான கீ.

கடையிலேயே செட்டப் செய்து கொடுத்த லேப்டாப் என்றால் கூடுதல் கவனம் தேவை. விற்பனையாளர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டு கணக்குத் திறந்திருந்தால், கீ அவருடைய கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். உங்கள் கணக்கின் டிவைசஸ் பக்கத்தில் இந்த லேப்டாப்பின் கீ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுவதும் விலகும்வரை காத்திருந்து, உங்கள் கணக்கை அட்மினாகச் சேர்த்து, அதில் நுழைந்து மறுபடி ஆன் செய்யுங்கள். புதுக் கீ உருவாகி உங்கள் கணக்குக்கு வரும். கடைக்காரர் கணக்கைப் பிறகு நீக்கிவிடலாம்.

2. ரெக்கவரி டிரைவ்

விண்டோஸ் அப்டேட் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஸ்டார்ட்டில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடுங்கள். 'பேக் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பழுதுபார்க்கும் கருவிகள் மட்டும் ஏறும், விண்டோஸை மறுபடி நிறுவ முடியாது. 32 ஜிபி பென் டிரைவ் இதற்குத்தான். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்; சார்ஜரைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். உங்கள் கோப்புகளோ, நீங்கள் நிறுவிய செயலிகளோ இதில் இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதுவது நல்லது.

3. இன்ஸ்டால் பென் டிரைவ்: எஸ்எஸ்டியே தெரியாத சிக்கல்

மைக்ரோசாப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து இரண்டாவது பென் டிரைவைத் தயாரிப்பது எளிது. லைசென்ஸ் கீ தேட வேண்டாம்; விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்பில் அது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும்.

பலரும் மாட்டுவது இதற்குப் பிறகு. இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான லேப்டாப்கள் பலவற்றில் விஎம்டி (எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) ஆன் ஆகியிருக்கும். அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லாவிட்டால், எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் வெறுமையாக இருக்கும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் மாடலின் சப்போர்ட் பக்கத்தில் ஸ்டோரேஜ் பிரிவில் 'இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி' டிரைவரை இப்போதே இறக்குங்கள். இஎக்ஸ்இ கோப்பை அப்படியே போட்டால் இன்ஸ்டாலரால் படிக்க முடியாது. அதைப் பிரித்து, ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு இருக்கும் ஃபோல்டரை பென் டிரைவில் வையுங்கள். வெறும் பட்டியல் வரும்போது 'லோட் டிரைவர்' அழுத்தி அதைக் காட்டினால் எஸ்எஸ்டி உடனே வந்து நிற்கும். வைஃபை டிரைவரையும் பக்கத்திலேயே போட்டு வையுங்கள். நிறுவி முடிந்ததும் நெட் இல்லாமல் திண்டாட வேண்டாம்.

பயாஸில் விஎம்டியையே அணைத்துவிடு என்று சில வீடியோக்கள் சொல்லும். ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் அதற்குப் பிறகு பூட் ஆகாமல் போகலாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுபவர் மட்டும் அந்த வழிக்குப் போகலாம்.

4. முழு டிஸ்க் இமேஜ்

விண்டோஸ், செயலிகள், கோப்புகள் என டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றின் நகல்தான் இமேஜ். இதை எடுக்க மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பைத்தான் பழைய பதிவுகள் பரிந்துரைக்கும். அதற்கான ஆதரவு 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது. என் தேர்வு வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பு. விண்டோஸ் ஓடும்போதே இமேஜ் எடுக்கும், அதன் ரெக்கவரி மீடியாவில் உங்கள் லேப்டாப் டிரைவர்களைச் சேர்க்கும் வசதியும் உண்டு. மேலே சொன்ன விஎம்டி தொல்லை அங்கே வராது. குளோன்ஸில்லா நல்ல கருவிதான், ஆனால் பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷனை உள்ளே பார்க்க முடியாமல் காலி இடத்தையும் சேர்த்து முழுசாக நகலெடுக்கும்.

எக்ஸ்டர்னல் டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை எழுதாது. இமேஜுக்குள் இருப்பது பூட்டு நீங்கிய தரவு என்பதால், அந்த டிஸ்க்கை லேப்டாப் பையிலேயே தூக்கிக்கொண்டு திரியாதீர்கள்.

5. தினசரிக் கோப்புகள்

கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியை ஆன் செய்தால் போதும். டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கொரு முறை நகலெடுக்கும். டி டிரைவில் நீங்களாகப் போட்ட ஃபோல்டரை லைப்ரரியில் சேர்த்தால்தான் அதையும் எடுக்கும். ஒன்டிரைவை மட்டும் நம்பாதீர்கள். இலவச இடம் 5 ஜிபிதான், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

6. ஒருமுறை பூட் செய்து பாருங்கள்

ரெக்கவரி பென் டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் கொடுத்து, டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப் அழுத்துங்கள். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் 'எஃப்12 பூட் மெனு'வை முதலில் இயக்க வேண்டும். கீபோர்டு மொழி கேட்கும் திரை வந்து, அடுத்து டிரபிள்ஷூட் தெரிந்தால் பென் டிரைவ் சரி. அங்கேயே நிறுத்தி லேப்டாப்பை அணையுங்கள். 'ரெக்கவர் ஃப்ரம் எ டிரைவ்' மேல் கை வைக்காதீர்கள், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

பின்சேர்க்கை: ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்களுக்கு, இன்டெல் அல்லது ஏஎம்டி லேப்டாப்புக்காகத் தயாரித்த பென் டிரைவ் உதவாது. அந்தச் சிப்புக்கான ஆர்ம்64 ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவல் கோப்பு) மைக்ரோசாப்ட் தளத்தில் தனியாகக் கிடைக்கிறது. ரெக்கவரி டிரைவையும் அதே லேப்டாப்பில்தான் எடுக்க வேண்டும்.