பழைய கிராபிக்ஸ் கார்டில் டைரக்ட்எக்ஸ் 12 ஓடுமா? காசு கொடுக்கும் முன் பாருங்கள்

விண்டோஸ் கேம்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் வழிதான் டைரக்ட்எக்ஸ், சுருக்கமாக டிஎக்ஸ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் கார்டு எடுக்கப் போய் "டிஎக்ஸ் 12 சப்போர்ட் இருக்கா?" என்று கேட்டால், எந்தக் கடையிலும் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். அது பெரும்பாலும் பொய்யும் கிடையாது. ஆனால் அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் நீங்கள் கேட்க வேண்டியது ஃபீச்சர் லெவல் என்ன என்று, அதாவது டைரக்ட்எக்ஸின் வசதிகளில் எந்தப் படி வரை அந்தக் கார்டில் உண்டு என்று.

2015-இல் விண்டோஸ் 10-உடன் டைரக்ட்எக்ஸ் 12 வந்தபோது மைக்ரோசாஃப்ட் பழைய கார்டுகளைக் கழற்றிவிடவில்லை. 11_0 லெவல் இருந்து, அதற்கான டிரைவரும் இருந்தால் போதும், டைரக்ட்எக்ஸ் 12 இயங்கும். அதற்கு மேல் 11_1, 12_0, 12_1, 12_2 என்று ஏறுகிறது. இந்த 12_2-ஐத்தான் 2020-இல் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் என்று அறிவித்தார்கள், ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுக் காட்சி வரைவது), மெஷ் ஷேடர் (காட்சியின் வடிவங்களைச் செயலாக்கும் புது முறை) எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் அந்த லெவல் கிடைக்கும்.

பார்ப்பது சுலபம். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். முதல் பக்கத்தில் டைரக்ட்எக்ஸ் 12 என்று இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், அது விண்டோஸில் இருக்கும் வெர்ஷன், எந்த ஓட்டைக் கார்டைச் செருகினாலும் அதேதான் வரும். டிஸ்ப்ளே டேபுக்குப் போய் ஃபீச்சர் லெவல்ஸ் என்ற வரியைப் பாருங்கள். முதலில் இருக்கும் எண்தான் உங்கள் கார்டின் உச்சம். அந்தக் கார்டின் சொந்த டிரைவரைப் போட்ட பிறகு பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த எண்ணை நம்ப முடியாது.

என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 780 டிஐ எல்லாம் 11_0. 900, 1000 சீரிஸ் 12_1. ஆர்டிஎக்ஸ் 20 சீரிஸிலிருந்து 12_2. ஏஎம்டியில் எச்டி 5000, 6000 சீரிஸை யாராவது சும்மா கொடுத்தாலும் டைரக்ட்எக்ஸ் 12 வராது. எச்டி 7850, 7970 வகையறா 11_1, ஆர்எக்ஸ் 580 12_0, 5700 12_1, ஆர்எக்ஸ் 6000 சீரிஸ் 12_2. இதில் வேகமும் லெவலும் ஒன்றாகப் போகாது என்பதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம்: 780 டிஐ சாதாரண 1050-ஐ விட வேகமான கார்டு, ஆனாலும் 12_0 கேட்கும் கேம் 1050-இல் ஓடும், 780 டிஐ-இல் ஓடாது.

12_1-உம் இப்போது எல்லாவற்றுக்கும் போதவில்லை. 2023-இல் வந்த ஆலன் வேக் 2 மெஷ் ஷேடரை நம்பி எழுதப்பட்டதால் 1080 டிஐ போன்ற பெரிய கார்டே அதில் திணறியது, அப்புறம் 2024-இல் வந்த அப்டேட்தான் கொஞ்சம் காப்பாற்றியது. 2025-இன் டூம் டார்க் ஏஜஸுக்கு ரே டிரேசிங் ஹார்ட்வேர் கட்டாயம். ஜிடிஎக்ஸ் 1660-இல் மெஷ் ஷேடர் உண்டு, ரே டிரேசிங் கோர் கிடையாது, அதனால் அதுவும் 12_1-தான். தவிர, 900, 1000 சீரிஸுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் தவிர இன்று நான் 1000 சீரிஸ் எடுக்க மாட்டேன்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: டைரக்ட்எக்ஸ் 11 வரையிலான விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட உதவும் டிஎக்ஸ்விகே 2-க்கு, டைரக்ட்எக்ஸ் போன்றதே ஆன வல்கன் 1.3 வேண்டும், என்விடியா டிரைவரில் 600, 700 சீரிஸின் கெப்ளர் என்ற தலைமுறைக் கார்டுகள் வல்கன் 1.2-ஓடு நின்றுவிட்டன.

இன்னொரு லாபம், இதே சோதனையில் போலிக் கார்டும் சிக்கும். பழைய 550 டிஐ சிப்பின் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி 1050 டிஐ என்று விற்கும் வேலை உலகம் முழுக்க நடக்கிறது. 1050 டிஐ என்றால் 12_1 வர வேண்டும், 11_0 வந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஒரு பென் டிரைவில் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைக் கொண்டுபோய்க் கடை மெஷினிலேயே ஓட்டிப் பாருங்கள், இந்த மாதிரிக் கார்டு என்றால் பெயருக்கு முன்னால் போலி என்றே காட்டும். மெஷினில் போட்டுக்காட்ட மறுக்கும் கடையில் பேரம் பேசாதீர்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான ஷட்டர் மூடியிருக்கும்.