ஸ்டியரிங் பிடித்திருப்பவர் நிதானத்தில் இருக்கிறார் என்று நம்பாதீர்கள்

அமஷோவா சைக்கிள் பந்தயம் நெருங்க நெருங்க டர்பன் சாலைகளில் புதுச் சைக்கிள்கள் முளைத்துவிடும். அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்று ஆகஸ்டில் ஆசை வரும், செப்டம்பரில் கடனட்டை தேயும். நல்ல விஷயம்தான். இந்தியர்கள் நிறைய வாழும் ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பகுதிகளிலிருந்தும், ஊரிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நம்மவர்களிலிருந்தும் நாலு பேர் புதிதாகச் சேர்வதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளை அப்படியே வரிசை மாறாமல் செய்கிறார்களே, அதைப் பார்க்கும்போதுதான் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஹெல்மெட் போடு, பின்னால் சிவப்பு விளக்கு மாட்டு, பிரேக் பார் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஹெல்மெட் தென்னாப்பிரிக்காவில் சட்டப்படியே கட்டாயம், அதைக் கூடச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் கடற்கரை நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது எதிரே, பின்னே வருகிற ஆளைப் பற்றி. அவர் குடித்திருக்கலாம், போனில் இருக்கலாம். புதியவர்கள் போடுகிற கணக்கில் இந்த ஆள் வருவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காலியாக இருக்கும் என்பது

காலியாகத்தான் இருக்கும். டிசம்பரில் இங்கே 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும், வெயிலுக்கு முன் 60 கிலோமீட்டர் முடித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்த நேரத்தில் சாலையில் இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஒரு பாதி வேலைக்குப் போகிறவர்கள். மீதி, முந்தின ராத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்.

கணக்கு எளிது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால் எட்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. டாக்ஸி, லாரி ஓட்டும் தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. ஒருவர் ராத்திரி 1 மணிக்குக் கடைசிக் கிளாஸைக் கீழே வைக்கும்போது 0.15-ல் இருக்கிறார் என்று வையுங்கள், கல்யாண வீட்டில் இது பெரிய விஷயமே இல்லை. உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 0.015 வீதம்தான் இறக்கும். காபி குடித்தாலும் பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் அந்த வேகம் மாறாது. ஆக, காலை 5 மணிக்கு அவர் ரத்தத்தில் இன்னும் 0.09 இருக்கும். நாலு மணி நேரம் சோபாவில் தூங்கி எழுந்து, முகம் கழுவி, 'தெளிஞ்சிருச்சு' என்று சாவியை எடுப்பவர் சட்ட வரம்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் இருக்கிறார். அவர் வரம்புக்குள் வர ஏழரை மணி தாண்டும். நீங்கள் சைக்கிள் ஓட்டப் போகும் நேரமும் அதுதான்.

2016-ல் எம்4 சாலையில், அந்த ரூத் ஃபர்ஸ்ட் நெடுஞ்சாலையில், காலையில் பயிற்சிக்குப் போன இரண்டு பேரைக் கார் அடித்துக் கொன்றது இந்த ஊர்ச் சைக்கிள்காரர்கள் யாருக்கும் மறக்காது. ஓட்டியவர் மீது குடிபோதை வழக்கு. அதற்கப்புறமும் 'காலையில் யாரும் இருக்க மாட்டாங்க அண்ணா' என்று என்னிடம் சொல்கிறார்கள்.

சம்பளம் வந்த மாதக் கடைசி வார இறுதி, டிசம்பர் 16-லிருந்து புத்தாண்டு வரை, தீபாவளிக்கு மறுநாள், இந்த நாட்களில் ஞாயிறு காலை நான் தார்ச்சாலைக்குப் போவதில்லை. உஷாகாவிலிருந்து புளூ லகூன் வரை கடலோர நடைபாதை இருக்கிறது, கார் வராது. கிபா கார்ஜில் மண்பாதை இருக்கிறது. இல்லையா, 8 மணிக்கு மேல் கிளம்புங்கள், வெயில் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான்.

மஞ்சள் கோட்டுக்கு இடதுபக்கம் நம் இடம் என்று நினைப்பது

சாலையோர மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே இருந்தால் கோட்டைக்குள் இருப்பது மாதிரி ஒரு நிம்மதி வரும். இந்த நாட்டு ஓட்டுநர் பழக்கம் தெரியாதவர்களுக்கு வருகிற நிம்மதி அது. பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிட, முன்னால் மெதுவாகப் போகும் வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டி இடதுபக்கம் ஒதுங்கும். ஒரு வழியில் ஒரே தடம் உள்ள சாலையில், பகல் வெளிச்சத்தில், சில நிபந்தனைகளோடு சட்டமே அதை அனுமதிக்கிறது. வழிவிட்டதற்கு நன்றி சொல்லி ஹசார்ட் விளக்கைப் போட்டுக் காட்டுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். அந்த ஒதுங்கும் இடத்தில் நீங்கள் இருப்பதை, கண்ணாடியில் பின்னால் வரும் பி.எம்.டபிள்யூவை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் பக்கி (சின்னச் சரக்கு வண்டி) ஓட்டுநர் பார்க்க மாட்டார். கையில் போனும் இருந்தால் முடிந்தது கதை: 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர், ஒரு மெசேஜைப் படிக்க 5 நொடி எடுத்தால் 110 மீட்டர். ஒரு கால்பந்து மைதான நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார்.

பின்னால் பார்க்கக் கண்ணாடி மாட்டுங்கள். இரண்டு வண்டிகள் ஒட்டி ஒட்டி வருவது தெரிந்தால், ஒதுங்கப் போகிறது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு கடைசி ஓரத்துக்குப் போய் வேகத்தைக் குறையுங்கள், புல்லில் இறங்க வேண்டி வந்தாலும் இறங்குங்கள்.

நன்றாக ஓட்டத் தெரிந்தால் போதும் என்பது

பர்ரி ஸ்டாண்டர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டியில் ஐந்தாவதாக வந்தவர். கேப் எபிக் பந்தயத்தை இரண்டு முறை வென்றவர். 2013 ஜனவரி 3 அன்று, நம் மாகாணத்தின் தென்கரையில் ஷெல்லி பீச்சில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மினிபஸ் டாக்ஸி குறுக்கே திரும்பியது. இறந்தபோது 25 வயது. அவரைவிட நீங்கள் நன்றாக ஓட்டுவீர்களா?

டாக்ஸியின் இடதுபக்கம் நுழைவது

வேண்டாம். ஆள் ஏற்ற எந்த நொடியும் ஒதுங்கும்.

சாலையோரத்திலேயே பேசி முடிப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். மேலே சொன்னதெல்லாம் உங்கள் கையை மீறி நடக்கலாம். இது முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கும்போதே விட்டுக்கொடுப்பது.

எங்களோடு ஓட்டும் ஒரு தம்பி, சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவன், ஒரு ஞாயிறு காலை வெருலம் பக்கம் ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) பச்சை விழுந்து கிளம்பும்போது பின்னாலிருந்து ஒரு கார் தட்டியது. பலமாக இல்லை. பின்சக்கரம் எட்டுப் போல வளைந்துவிட்டது, இவன் தோளில் விழுந்தான். காரிலிருந்து இறங்கியவர் அறுபது வயதுப் பெரியவர், கல்யாண வீட்டுக் குர்தா, நெற்றியில் விபூதி, கிட்டே போனால் பிராந்தி வாசம். உடனே கூட வந்த அம்மாவும் இறங்கி, 'நீங்க தமிழா தம்பி? நாங்களும் தமிழ்தான்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவருக்குச் சர்க்கரை, பேத்தி கல்யாணம், போலீஸ் கீலீஸ் எல்லாம் வேண்டாம், வண்டிக்கு ஆகிறதைக் கொடுத்துவிடுகிறோம், இந்தா 1,000 ராண்டு, இது என் நம்பர். இவனும் 'பரவாயில்லை அங்கிள், நீங்க பார்த்துப் போங்க' என்று அனுப்பிவிட்டான். நாங்கள் போய்ச் சேரும்போது நடைபாதையில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கையைத் தூக்க முடியவில்லை. காறை எலும்பு முறிந்திருந்தது. விழுந்த சூட்டில் உடம்பு வலியை மறைக்கும், அது எல்லோருக்கும் நடப்பது. தலையில் அடிபட்டாலும் அப்படித்தான், மணிக்கணக்கு கழித்துக்கூடக் குமட்டலும் தலைசுற்றலும் வரலாம். ஆபரேஷன், பிளேட், ஆறு வாரம் கட்டு. அந்த நம்பரை அழைத்தால் முதல் நாள் எடுத்தார்கள், அப்புறம் எடுக்கவில்லை. கார் எண்ணை இவன் குறிக்கவில்லை. போலீஸ் நிலையத்தில் போய் என்ன சொல்வது? வாசம் அடித்தது என்றா?

எனக்குக் கோபம் அந்தப் பெரியவர் மீதுகூட இல்லை, மாட்டிக்கொண்டவர் அப்படித்தான் பேசுவார். இவன் மரியாதைக்குப் பயந்தான் பாருங்கள், அதில்தான். நம்மவர், வயதில் மூத்தவர், கோயிலில் பார்க்க நேரிடும் என்று வாயை மூடிக்கொண்டான். அதே பெரியவர் அதே நிலையில் அங்கிருந்து இன்னும் பத்து ரோபோக்களைத் தாண்டி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார், அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

சட்டத்தில் ஒரு கடிகாரம் ஓடுகிறது, புதியவர்களுக்கு அது தெரிவதில்லை. ஓட்டியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் 0.05-க்குக் குறையாமல் இருந்தால், ஓட்டும்போதும் அப்படித்தான் இருந்தது என்று தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டுவது அவர் பாடு. அந்த 2 மணி நேரம் போய்விட்டால் அந்தச் சாதகமும் போச்சு. நீங்கள் சமாதானம் பேசும் ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.

இன்னொன்று. விபத்துக்குப் பிறகு 'பதற்றத்துக்கு ஒரு வாய்' என்று ஓட்டுநர் குடிக்கக் கூடாது. புகார் பதிந்து டாக்டர் பார்த்து முடிக்கும்வரை 61-வது பிரிவு அதைத் தடுக்கிறது. யாராவது ஃபிளாஸ்க்கை நீட்டினால் வீடியோ எடுங்கள். இல்லையென்றால் 'இடித்த பிறகுதான் குடித்தேன்' என்ற கதை கிளம்பும். யாருக்காவது காயம் பட்டிருந்தால் அவர் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். அவர் சொல்வார் என்று நம்பி நீங்கள் சும்மா இருக்காதீர்கள்.

என்ன செய்வது என்றால், முதலில் சாலையை விட்டு ஓரத்துக்கு வாருங்கள். 10111-க்கு அழைத்து, ஓட்டுநர் குடித்திருப்பதாகத் தோன்றுகிறது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். பிறகு படம்: காரின் எண் பலகை, அப்புறம் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்டமான லைசென்ஸ் டிஸ்க், அதில் பதிவு எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கும், பலகை போலியாக இருந்தாலும் அது உதவும். ஓட்டுநர் ஸ்டியரிங் பக்கத்திலிருந்து இறங்குவது தெரிகிற மாதிரி ஒன்று எடுத்துவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் போலீஸ் வரும்போது மருமகன் ஓட்டினான் என்று ஆகிவிடும். சுற்றி நிற்பவர் ஒருவரின் போன் நம்பர். எதிரே பெட்ரோல் பங்க் இருந்தால் கேமரா பதிவை அன்றைக்கே கேளுங்கள், பழையதன் மேல் புதியது பதிந்துகொண்டே போகும். சாவியைப் பிடுங்காதீர்கள், கை நீட்டாதீர்கள். கூட்டம் சேர்ந்து அடிக்க ஆரம்பித்தால் அதையும் தடுங்கள், அடிபட்டவர் ஆகிவிட்டால் வழக்கு அவருடையதாகிவிடும்.

பணம் வாங்காதீர்கள். சாலை விபத்து நிதியம் என்று ஆர்.ஏ.எஃப். இருக்கிறது, ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் நாம் கட்டும் வரியில் நடப்பது. இடித்தவர் யார் என்று தெரிந்தால் 3 வருஷம், தெரியாமல் ஓடிவிட்டால் 2 வருஷத்துக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும். உடம்புக்குத்தான் கிடைக்கும், சைக்கிளுக்குக் கிடையாது. போலீஸ் பதிவு இல்லாமல் அங்கே போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் தம்பியைக் கேளுங்கள்.

இரண்டு காதிலும் இயர்போன்

ஒரு காதிலும் வேண்டாம்.

பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேசுவது

ஒற்றை வரிசையில்தான் போக வேண்டும் என்பது இங்கே சட்டம், மற்றொரு சைக்கிளைத் தாண்டும்போது மட்டும் விதிவிலக்கு. கதை பேச காபிக் கடை இருக்கிறது.

கண்ணைப் பார்த்தால் நம்மைப் பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வது

குறுக்குச் சாலையிலிருந்து எட்டிப் பார்க்கும் கார்க்காரர் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். முகத்தை விட்டுவிட்டு முன்சக்கரத்தைப் பாருங்கள், அது உருளத் தொடங்கினால் முகம் என்ன சொன்னாலும் சரி, பிரேக்கில் கை வையுங்கள். இருட்டில் கார் உள்ளே நீல வெளிச்சம் தெரிந்தால் போன் கையில் இருக்கிறது. பச்சை விழுந்தும் கிளம்பாமல் நிற்கிற கார், காரணமில்லாமல் மெதுவாகப் போய் திடீரென்று தடம் மாறுகிற கார், விடியும் முன் விளக்குப் போடாமல் வருகிற கார், ஜூலைக் குளிரில் எல்லா ஜன்னலும் திறந்திருக்கும் கார், இவற்றை முந்தாதீர்கள், முன்னால் போகவும் விடாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டும் போகாதீர்கள். நின்று, போக விடுங்கள்.

ரைடு முடிந்த பிறகு பீர்

காரின் பின்னால் நாலு சைக்கிளை மாட்டிக்கொண்டு, வெறும் வயிற்றில் இரண்டு பீர் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டுகிறவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். இப்போது இல்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன்.

போனில் எண்களை வைத்துக்கொள்ளாமல் கிளம்புவது

போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, கைப்பேசியிலிருந்து எதற்கும் 112. இதோடு உங்கள் ரத்த வகை, மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) உறுப்பினர் எண், வீட்டில் ஒருவர் நம்பர், மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி லாமினேட் செய்து சைக்கிள் இருக்கைக்கு அடியில் இருக்கும் பையில் போடுங்கள். போன் திரை உடைந்திருந்தாலும் அந்தச் சீட்டு படிக்க வரும்.