பெர்லின் சுற்றிப் பார்க்க வருகிறீர்களா? முதலில் கிழமையைப் பாருங்கள்

அக்கா குடும்பம் ஐந்து நாள் பயணமாக பெர்லினுக்கு வந்திருந்தபோது, திட்டத்தை அவர்களே போட்டிருந்தார்கள். சனிக்கிழமை வரை ஊர் சுற்றுவது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடை வீதி, திங்கட்கிழமை காலை விமானம். நான் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தேன். ஞாயிறு காலை 11 மணிக்கு அக்காவிடமிருந்து போன். "என்னடா, ஊரே பூட்டிக் கிடக்கு? இன்னைக்கு ஏதாவது பந்த்தா?"

பந்த் இல்லை. ஜெர்மனியில் எல்லா ஞாயிறும் அப்படித்தான். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, செருப்புக்கடை, பெரிய பெரிய மால்கள் எல்லாம் மூடியிருக்கும். நம் ஊரில் கடைத்தெரு நிரம்பி வழிகிற நாள் ஞாயிறு. இங்கே அது ஓய்வு நாள். இது வெறும் வழக்கம் இல்லை, அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகப் பாதுகாக்க வேண்டும் என்று 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை அப்படியே இன்றைய சட்டத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் கடைகளைத் திறக்கலாம் என்று பெர்லின் அரசு ஒருமுறை விதி போட்டது. தேவாலயங்கள் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று சொல்லிவிட்டது. இப்போது வருடத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஞாயிறுகளில் மட்டும் கடைகளுக்கு அனுமதி உண்டு.

அதனால் பெர்லின் பயணத்துக்கு ராகுகாலம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, கிழமை பார்த்தே ஆக வேண்டும். நான் பார்த்தவரையில், வருகிறவர்கள் செய்கிற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது. கடைக்குப் போவதை வெள்ளி, சனியில் முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாலோ பிரெட்டோ அவசரமாக வேண்டுமென்றால், பெர்லின் மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும். கூட்டம் தாங்காது, ஆனால் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வீணாகும் நாள் என்று நினைக்க வேண்டாம். பழைய பொருள் சந்தைகள் களைகட்டுவது அன்றுதான். மவர்பார்க் சந்தை பிரபலமானது. பொக்ஸ்ஹாகனர் சதுக்கத்தில் நடப்பது அதைவிடச் சிறியது, எனக்கு அதுதான் பிடிக்கும். அன்றைக்கு அக்காவை மவர்பார்க் போகச் சொன்னேன். விளிம்பில் எனாமல் பெயர்ந்த ஒரு பழைய காபிக் கூஜாவைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வந்தாள். இங்கே கடையில் பேரம் கிடையாது. சந்தையில் உண்டு, ஆனால் பாதி விலைக்குக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கையில் ரொக்கம் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் திங்கட்கிழமை. ஞாயிறு கடைக்கு என்றால் திங்கள் மியூசியத்துக்கு விடுமுறை. எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் சிலை இருக்கும் நொய்யெஸ் மியூசியம் உட்படப் பல அருங்காட்சியகங்கள் திங்களன்று திறப்பதில்லை. பெரிய அரண்மனை போல நிற்கும் ஹும்போல்ட் ஃபோரம் அருங்காட்சியகமோ செவ்வாயன்று மூடும். இதைவிடப் பெரிய ஏமாற்றம் பெர்கமோன் மியூசியம். பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் அதைத்தான் முதலில் சொல்லும். ஆனால் 2023 அக்டோபரில் புதுப்பிக்கும் வேலைக்காக அதை முழுவதுமாக மூடிவிட்டார்கள். வேலை பல வருடம் நீளும், ஒவ்வொரு பகுதியாகத்தான் திறப்பார்கள். அதற்காகவே வருகிறவர்கள், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மியூசியங்களில் இலவசம் என்றும் இன்னும் பலர் சொல்கிறார்கள். அந்த ஏற்பாடு 2024 முடிவோடு நின்றுபோனது.

ரைக்ஸ்டாக் விஷயத்தில் தவறு வேறு மாதிரி. நாடாளுமன்றத்தின் மேலே இருக்கும் கண்ணாடிக் குவிமாடத்துக்குள் போகக் கட்டணமே இல்லை, அதனால் நேரே போய் நின்றால் உள்ளே விடுவார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். விட மாட்டார்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் வருகிற ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து நேரம் வாங்க வேண்டும். கோடைக்காலத்தில் நல்ல நேரங்கள் பல நாள் முன்பே தீர்ந்துவிடும். அன்றைக்கு பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கும் படம் போதாது. இருட்டத் தொடங்கும் நேரமாகப் பார்த்து வாங்குங்கள். சுழன்று ஏறும் பாதையில் நடக்க நடக்க ஊரில் ஒவ்வொரு விளக்காக எரிவது தெரியும். கீழே குனிந்தால் உறுப்பினர்கள் உட்காரும் மன்றமே தெரியும். பெர்லினில் எனக்கு அலுக்காத இடம் அது.

ரயில் டிக்கெட்டில் மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது மண்டலம். ஊரின் பெரும்பகுதி ஏ, பி மண்டலங்களில் அடங்கிவிடும், விமான நிலையம் மட்டும் சி மண்டலத்தில் இருக்கிறது. நாலு நாள் ஏபி டிக்கெட்டில் சுற்றிய பழக்கத்தில், கடைசி நாளும் அதே டிக்கெட்டோடு விமான நிலையத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. இரண்டாவது, முத்திரை குத்துவது. இயந்திரத்தில் எடுத்த காகித டிக்கெட்டை நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் செருகித் தேதி குத்த வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் இருந்தும் இல்லாத கணக்குதான். மூன்றாவது, ஒற்றை டிக்கெட் 2 மணி நேரம் செல்லும், ஆனால் போகிற திசைக்கு மட்டும். அதே டிக்கெட்டில் திரும்பி வரக் கூடாது. இங்கே நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் கேட்பதில்லை என்று தோன்றும். சாதாரண உடையில் பக்கத்தில் நின்றவரே திடீரென்று அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்பார். அபராதம் 60 யூரோ. சுற்றுலாப் பயணி, தெரியாது என்பதெல்லாம் எடுபடாது.

சுற்றிப் பார்க்க விலை அதிகமான சுற்றுலா பஸ்ஸில்தான் ஏற வேண்டும் என்பதில்லை. சூ நிலையத்திலிருந்து அலெக்சாண்டர் சதுக்கம் வரை போகும் 100-ஆம் எண் மாநகரப் பேருந்து, வெற்றித் தூண், ரைக்ஸ்டாக் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போகும். சாதாரண டிக்கெட் போதும். மாடியில் முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

இனி நான் மனசார வருத்தப்படுகிற ஒன்று. பெர்லின் சுவரைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலோர் சுவரைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். பழைய எல்லைச் சாவடியான செக்பாயின்ட் சார்லியில் நிற்கும் காவல் குடில் பிற்காலத்தில் வைத்த நகல். அங்கே நினைவுக்காக என்று சொல்லி, பழைய எல்லை முத்திரைகளைக் காசுக்குக் குத்தித் தர ஆட்கள் இருப்பார்கள். தயவுசெய்து உங்கள் பாஸ்போர்ட்டை நீட்டாதீர்கள். அரசு குத்தாத முத்திரை விழுந்த பாஸ்போர்ட் செல்லாது என்று அடுத்த விமான நிலையத்தில் சொல்லிவிடலாம். ஆசையாக இருந்தால் ஒரு அஞ்சலட்டையில் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரின் துண்டு என்று பிளாஸ்டிக் உறையில் விற்கும் வண்ணக் கற்களையும் நம்ப வேண்டாம், பலவற்றில் வண்ணம் பின்னால் அடித்தது.

ஓவியங்கள் நிறைந்த ஈஸ்ட் சைடு கேலரி உண்மையான சுவர்தான், 1.3 கிலோமீட்டர் நீளம். ஆனால் அந்த ஓவியங்கள் 1990-ல், சுவர் திறந்த பிறகு வரைந்தவை. கிழக்குப் பக்கம் யாரும் சுவரை நெருங்கவே முடியாத காலத்தில் அது வெறும் வெள்ளைச் சுவராகத்தான் இருந்தது. சுவர் என்றால் என்னவென்று புரிய வேண்டுமானால் பெர்னவர் தெருவுக்குப் போங்கள். கட்டணம் இல்லை, திறந்த வெளி. அங்கே வீடுகள் கிழக்கில் இருந்தன, வாசலுக்கு வெளியே நடைபாதை மேற்கில் இருந்தது. 1961 ஆகஸ்டில் எல்லையை அடைத்தபோது ஜன்னல் வழியாகக் குதித்தார்கள், சிலர் அதில் இறந்தார்கள். மொத்தத்தில் சுவரால் உயிரிழந்தவர்கள் குறைந்தது 140 பேர். எல்லை நிலத்தில் சிக்கியிருந்த தேவாலயத்தை 1985-ல் கிழக்கு ஜெர்மனி வெடி வைத்துத் தகர்த்தது. அந்த இடத்தில் இப்போது மண்ணால் கட்டிய ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது, அதைச் சுற்றி ரை தானியம் விதைக்கிறார்கள். காவலர்கள் துப்பாக்கியோடு நடந்த நிலத்தில் கதிர் முற்றி நிற்பதைப் பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பிராண்டன்பர்க் வாசலுக்குப் பக்கத்தில், கொலையுண்ட யூதர்களின் நினைவிடம் இருக்கிறது. 2,711 கான்கிரீட் பாளங்கள். ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக இருக்கும், நடுவே போகப் போகத் தலைக்கு மேல் எழும்பிவிடும். அவற்றின் மேல் ஏறி நிற்பது, தாவுவது, சிரித்தபடி போஸ் கொடுப்பது எல்லாம் கண்ணில் படும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊர் முழுக்க நடைபாதையில் உள்ளங்கை அளவுப் பித்தளைக் கற்களும் பதித்திருக்கும். குனிந்து பாருங்கள். 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி, பெயர், பிறந்த வருடம், எங்கே கொண்டுபோனார்கள் என்பது வரை எழுதியிருக்கும். தலை நிமிர்ந்தால் அந்த வீட்டு வாசல்.

சரி, கடைக்கு வருவோம். எல்லாரும் ஓடுவது குடாம் பெருவீதிக்கு. அங்கே இருக்கும் சங்கிலிக் கடைகளில் பாதி நம் ஊர் மால்களிலேயே இருக்கின்றன. ஜெர்மனியில் வாங்க வேண்டியது என்று என்னைக் கேட்டால், சமையல் கத்தி, எழுதுபொருள், கை கிரீம் மாதிரியான சாமான்கள். கடைசியில் சொன்னதை டிஎம், ரோஸ்மன் கடைகளில் வாங்குங்கள், விமான நிலையத்தில் அல்ல. ஆனால் தலைவலி மாத்திரை அந்தக் கடை அலமாரிகளில் கிடைக்காது. சிவப்பு நிறத்தில் 'ஏ' எழுத்து போட்ட அப்போதெக்கே என்ற மருந்துக்கடையில்தான் பாராசிட்டமால் கூட. மின்சாதனம் வாங்குகிறவர்கள் பிளக்கைப் பாருங்கள். மின்னழுத்தம் நமக்கும் இவர்களுக்கும் 230 வோல்ட்தான், ஆனால் தடித்த வட்டமான ஜெர்மன் பிளக் நம் வீட்டு சாக்கெட்டில் சரியாக உட்காராது. கத்தியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையோடு போயிற்று.

தண்ணீர் பாட்டில், டின் வாங்கும்போது பில்லில் 25 சென்ட் கூடுதலாக இருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அது முன்பணம். காலி பாட்டிலை நசுக்காமல் எந்த சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டாலும் ரசீது வரும், கல்லாவில் காசாக்கிக்கொள்ளலாம். தேவையில்லை என்றால் குப்பைத்தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் வையுங்கள், சேகரித்து வாழ்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

வரி திரும்பப் பெறுவதில்தான் அதிகப் பணம் போகிறது. விலையிலேயே 19 சதவீத வரி அடங்கியிருக்கும். 119 யூரோ கொடுத்தால் அதில் 19 யூரோ வரி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள், ஒரே பில்லில் 50 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் இதைத் திரும்பக் கேட்கலாம். இடையில் இருக்கும் நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். அதனால் ஒரே கடையில் நாலு பேர் தனித்தனியாகப் பில் போடாதீர்கள், ஒன்றாகப் போடுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே படிவம் வாங்கிவிடுங்கள்.

அக்கா இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் விமான நிலையத்தில் கோட்டை விட்டாள். பெட்டியைச் செக்-இன் செய்து அனுப்பிய பிறகு சுங்க அதிகாரியிடம் படிவத்தோடு போய் நின்றாள். பொருளைக் காட்டுங்கள் என்றார் அவர். பொருள் பெட்டிக்குள், பெட்டி பெல்ட்டில் போய்விட்டது. முத்திரை கிடைக்கவில்லை. செக்-இன் கவுன்ட்டரிலேயே, பெட்டியில் வரி திரும்பப் பெற வேண்டிய பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அட்டை ஒட்டிப் பெட்டியைத் திருப்பித் தருவார்கள். சுங்கத்தில் பொருள், பில், படிவம், பாஸ்போர்ட் எல்லாம் காட்டி முத்திரை வாங்கிய பிறகு பெட்டியை அங்கேயே ஒப்படைக்கலாம். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக சென்னை போகிறவர்கள், பெட்டி நேரே சென்னைக்குப் போவதானால் அதில் இருக்கும் பொருளுக்கு பெர்லினிலேயே முத்திரை வாங்க வேண்டும். கைப்பையில் இருப்பதற்கு மட்டும் ஃபிராங்க்ஃபர்ட்டில். பொருளைப் பிரித்துப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, விலைச்சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. இதற்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.