மலையூர்களில் வீடு சந்திக்கப் போகிறவர்களுக்கு

சமவெளிச் சபைகளில், வீடு வீடாகப் போய் நலம் விசாரித்து ஜெபிக்கும் வீடு சந்திப்பு என்றால் ஒரு சைக்கிளும், பெயர்ப் பட்டியலும், மாலை நேரமும் போதும். அந்தப் பழக்கத்தோடு மலைப் பணித்தளத்துக்கு வருகிற இளம் ஊழியர்கள் முதல் மாதத்திலேயே வழி தவறுகிறார்கள், ஓடையில் விழுகிறார்கள், நாய்க்கடி படுகிறார்கள். பிறகு மலையையும் மக்களையும் நொந்துகொள்கிறார்கள். கொல்லிமலையிலும் பின்னர் பச்சைமலையிலும் பல ஆண்டுகள் வீடு வீடாக நடந்தவன் என்ற முறையில், எனக்கு நேர்ந்த தவறுகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இங்கே எழுதுகிறேன். பட்ட அவதியில் ஒரு பங்குதான் என்னுடையது; மீதியை என்னை ஏற்றுக்கொண்ட வீடுகள் சுமந்தன. இதை உணர எனக்கு வெகு காலம் பிடித்தது. ஆகவே இதிலுள்ள ஒவ்வொரு யோசனையையும் உங்கள் சௌகரியத்துக்காக மட்டுமல்லாமல், அந்த வீட்டாரை முன்னிட்டும் படியுங்கள்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். காலை பதினொரு மணிக்கு ஒரு மலையூருக்குள் நுழைந்தால், உலர்ந்துகொண்டிருக்கும் மிளகும், அதைக் காக்கும் ஒரு மூதாட்டியும், நாய்களும் தவிர வேறு எவரையும் காண மாட்டீர்கள். சாமையோ கேழ்வரகோ அறுப்புக்கு நிற்கும் நாட்களிலும், மிளகு பறிக்கும் நாட்களிலும், விடிந்ததும் எல்லாரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். பொழுது சாயும்போதுதான் திரும்புவார்கள். நான் முதன்முறை போனபோது மாலை வரை ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டார் வந்து பேசி முடிப்பதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டது. எனக்குப் பாயைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுப் பெரியவர் வெறுந்தரையில் படுத்தார். மாலைச் சந்திப்பு என்றால் இரவு தங்குவது என்றே பொருள். தங்கும் எண்ணத்தோடு போங்கள், எங்கே தங்குவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், போர்வையை நீங்களே கொண்டுபோங்கள். ஊர்த் திருவிழா நடக்கும் நாட்களிலும், ஆடிப் பதினெட்டை ஒட்டிய நாட்களிலும் போகவே வேண்டாம். அவை அவர்களுடைய நாட்கள்; அந்த நேரத்தில் கைப்பிரதியோடு ஊருக்குள் நிற்பது மரியாதையும் அல்ல, பயனும் அல்ல.

அடுத்தது வழி. கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று மலைமேலுள்ள செம்மேட்டுக்குப் பேருந்து ஏறுகிறது. ஆனால் நீங்கள் பார்க்கவேண்டிய வீடு பேருந்து நிற்கும் இடத்தில் இருப்பதில்லை. ஒரு முறை வளப்பூர் நாடு எனப்படும் ஊர்ப்பகுதிப் பக்கம் ஒரு குடும்பத்தைத் தேடிப் போகையில், எதிரே வந்தவரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "கூப்பிடு தூரம்தாங்க ஐயா" என்றார். இரண்டரை மணி நேரம் நடந்தேன். அவர் பொய் சொல்லவில்லை: எதிர்ச் சரிவில் நின்று கூப்பிட்டால் குரல் கேட்கத்தான் செய்யும், ஆனால் கால்தான் பள்ளத்தில் இறங்கி மறுபடியும் மேடு ஏறவேண்டும். இருட்டிய பிறகு என் குரல் கேட்டு இரண்டு பேர் பந்தம் கொளுத்திக்கொண்டு இறங்கிவந்து என்னை அழைத்துப்போனார்கள். பகலெல்லாம் களை எடுத்துக் களைத்த உடம்பு அவர்களுடையது. அன்றிலிருந்து நான் தூரத்தைக் கேட்பதில்லை. "இப்போது புறப்பட்டால் வெயில் எங்கே நிற்கும்போது போய்ச் சேரலாம்?" என்று கேட்பேன். அவர்கள் வானத்தைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு பிசகியதில்லை. அதனோடு அவர்களுடைய நடையும் உங்கள் நடையும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்து, சொன்ன நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கையில் மூங்கில் கோல் ஒன்று கட்டாயம் வேண்டும். குடையைவிட அதுவே உதவும். பாம்பு கிடக்கும் புல்லைத் தட்டவும், ஓடையின் ஆழம் பார்க்கவும், நாயைத் தள்ளி நிறுத்தவும், வழுக்குப் பாறையில் ஊன்றவும் அதைவிட நல்ல துணை இல்லை. 1913 முதல் கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியரில், கணவர் ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்துபோனார். எவலின் அம்மையாரோ ஓய்வு பெறும் வயதைக் கடந்தபின் தம் சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறி, கொல்லிமலையோடு கல்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றின் ஊர்களையும் மட்டக்குதிரையில் சுற்றிவந்தார். இடுப்பெலும்பு முறிந்து நடை தளர்ந்த பிறகும் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியபடி சந்திப்பை விடாமல் நடத்தினார். 1974இல், 95ஆம் வயதில்தான் அவருடைய பயணங்கள் நின்றன. நமக்கு இருபத்தைந்து வயதில் ஒரு கோல் எடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பையில் டார்ச் லைட், மாற்று வேட்டி, தீப்பெட்டி, ஒரு சிறு பொட்டலம் உப்பு, சோப்பு ஆகியவை இருக்கட்டும். திருமறையையும் குறிப்பேட்டையும் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டிவையுங்கள். மழை ஈரத்தில் சோலைக்குள் நடந்தால் அட்டை ஏறும்; அதைப் பிடித்து இழுக்காமல் உப்பை வைத்தால் தானே விழுந்துவிடும். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ, உறிஞ்சுவதோ, கயிறு போட்டு இறுக்குவதோ கூடாது. கடிபட்ட கை கால்களை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச்சென்று, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதே செய்யவேண்டியது. 108 ஆம்புலன்ஸ் எந்த வளைவு வரை வரும், எந்த மேட்டில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் என்பதைப் போய்ச் சேர்ந்த முதல் நாளே விசாரித்துவையுங்கள்.

ஓடைகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே எச்சரிக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை ஓடையில் வந்துவிடும். தெளிந்த நீர் செம்மண் நிறமாகக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்துவந்தாலோ, உடனே கரையேறிவிட வேண்டும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. ஒரு ஐப்பசி மாதம், அக்கரையில் நோயாளி ஒருவர் காத்திருக்கிறார் என்ற அவசரத்தில் கலங்கிய நீரில் காலை வைத்தேன். நடு ஓடையில் பாறை புரண்டது. பை போயிற்று, நான் ஒரு வேரைப் பற்றிக்கொண்டு நின்றேன். அக்கரையிலிருந்து அந்த நோயாளியின் மகன் கற்றாழை நார்க் கயிற்றை மரத்தில் கட்டி, மறு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கி என்னைக் கரைசேர்த்தார். மூன்று நாள் காய்ச்சலில் அவர் படுத்துவிட்டார். காட்டு வேலைக்குப் போக அந்த வீட்டில் வேறு ஆண்துணை இல்லை. நோயாளிக்கு ஆறுதல் சொல்லப் போனவன், அந்த வீட்டில் இன்னொரு நோயாளியை உண்டாக்கிவிட்டு வந்தேன். தண்ணீர் வடியும்வரை இக்கரையில் உட்கார்ந்திருப்பதும் ஊழியம்தான். சில மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும்.

நாய்களும் அப்படியே. ஊர் எல்லையில் நின்று குரல் கொடுங்கள். வீட்டார் வந்து அழைக்கும்வரை நகராதீர்கள், ஓடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் புறப்பட்டு, சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கடிபட்டபோது, விருந்தாளியைக் கடித்த பழி தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதே என்று அந்த வீட்டுக்காரர் விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு நாயைத் துரத்தினார். அவருடைய சின்ன மகன் நாயின்மேல் விழுந்து கட்டிக்கொண்டு அழுதான். நாயை அடிக்கவிடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டிவைத்து 10 நாள் கவனிப்பதே முறை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதற்காக உங்கள் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஊருக்குள் போனதும் முதலில் பார்க்கவேண்டியவர் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர். யார், எங்கிருந்து, யார் வீட்டுக்கு, எதற்காக என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வணங்கிவிட்டுத் திரும்புங்கள். கோயில் திட்டை நெருங்கும்போதும் வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுங்கள். ஊருக்குள்ளேயே செருப்பு கூடாது என்று சொன்னால் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நான் அதிகமாகத் தவறினேன். வீட்டின் வறுமையைப் பார்த்து, அவர்களுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று, முதல் வருடம் எல்லா இடத்திலும் "வேண்டாம், சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லிவந்தேன். ஒரு பெரியவர் நேரடியாகவே கேட்டார்: "எங்க வீட்டுச் சோறு ஆகாதுன்னா, நீங்க சொல்றதை மட்டும் நாங்க எப்படிங்க எடுத்துக்கறது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகு கொடுத்ததையெல்லாம் சாப்பிட ஆரம்பித்தேன். அதிலும் ஒரு பிசகு இருந்தது. ஒரு வீட்டில் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, பேத்தி கொல்லைப்புறமாக வெளியேறியதையும், சற்று நேரத்தில் தாவணி மறைவில் எதையோ அணைத்துப் பிடித்தபடி திரும்பியதையும் கண்டேன். தாவணி விலகியபோது தெரிந்தது, ஒரு படி. அதில் பாதி வரை வெள்ளை அரிசி. விருந்தாளிக்குச் சாமைச் சோறு போடுவது குறைவு என்று எண்ணி ஆயா அண்டை வீட்டில் கைமாற்று வாங்கியிருந்தார். ஈயத் தட்டில் எனக்கு ஆவி பறக்கும் நெல்லுச்சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. அடுப்பருகே அவர்கள் களியைப் பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோற்றை நான் விழுங்கிய விதம் எனக்குத்தான் தெரியும்.

ஆகவே, உட்கார்ந்த உடனேயே, அடுப்பு மூட்டும் முன்பாக, "ஆயா, எனக்கு உங்க சாமைச் சோறுதான் வேணும், அதுக்காகத்தான் பசியோட வந்தேன்" என்று கேட்டுவிடுங்கள். மனதார அப்படிக் கேளுங்கள். புதுச் சாமையை உரலில் குத்திப் பொங்கிய சோற்றுக்கு உண்மையிலேயே ஈடு கிடையாது. ஒரே மாலையில் மூன்று வீடுகள் என்றால் முதல் வீட்டில் வரக்காப்பியோடு நிறுத்தி, சாப்பாட்டை எந்த வீட்டில் என்று முன்பே முடிவுசெய்யுங்கள். அடுத்த முறை போகும்போது சொல்லாமல் ஒரு படி அரிசியோ, உப்போ, எண்ணெயோ கொண்டுபோய் அடுப்பங்கரையில் வைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் பொட்டலம் கொண்டுபோவதை நான் விட்டுவிட்டேன். கிடைத்த பிள்ளைக்கும் கிடைக்காத பிள்ளைக்கும் இடையே வந்த சண்டை பெரியவர்களிடம் போய்ச்சேர்ந்தது.

பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்கட்டும். ஜெபிக்கலாமா என்று கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும், சுருக்கமாக ஜெபியுங்கள். மாடு கறக்கவேண்டிய நேரத்தில் கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்படி ஒரு குடும்பத்தை நிறுத்தக் கூடாது. நோயுள்ள வீட்டில் மருந்தை நிறுத்தும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள். எந்த உதவியையும் விசுவாசத்தோடு முடிச்சுப்போடாதீர்கள். ஜெஸ்ஸி பிராண்ட் காலத்தில் மலை மக்களின் கால்களில் நரம்புச் சிலந்திப் புழு புண்ணாக வெளிவரும். அவர் அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக எடுத்ததோடு நிற்காமல், தண்ணீருக்குள் இறங்கி மொள்ளக் கூடாது, வடிகட்டிக் குடிக்கவேண்டும் என்று ஊர் ஊராகக் கற்பித்தார், கிணறுகளுக்குச் சுவர் எழுப்பச் செய்தார். முதல் சில ஆண்டுகளில் ஒருவரும் சபையில் சேரவில்லை. வேலை நிற்கவும் இல்லை. 1918இல் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியபோது, கஞ்சியோடு வீடு வீடாகப் போனவர்கள் அந்தத் தம்பதியரே. அந்நாட்களில் மரணப் படுக்கையில் கிடந்த ஒரு பூசாரி தம் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார்.

ஒரு தடவை போனால் அது சந்திப்பு ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். 1854இல் வட திருநெல்வேலியில் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கி, 1858இல் சிவகாசியில் உயிர்விட்ட மிஷனரி ராக்லாந்து ஐயரும் அவருடைய தோழர்களும் போன ஊர்களுக்கே மறுபடியும் போனார்கள். குறிப்பேட்டில் பெயரோடு, காய்ச்சலில் கிடந்த பிள்ளை, ஈனும் பருவத்து மாடு, கோர்ட்டில் இருக்கும் நில வழக்கு ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை வாசலில் கால் வைத்ததும் அதைத்தான் முதலில் விசாரிக்கவேண்டும்.

இருட்டில் திரும்ப நேர்ந்தால், துணைக்கு வருகிறேன் என்று வீட்டார் எழுந்தால் ஓடைவரை மட்டும் வரச் சொல்லுங்கள். பிறகு எதிர்மேட்டில் ஏறியதும் நின்று, டார்ச் லைட்டை அந்த வீட்டின் பக்கம் திருப்பி மூன்று முறை அணைத்து ஏற்றுங்கள். வாசலில் ஒருவர் அதற்காக நின்றுகொண்டிருப்பார். அதைப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்.