ஒரு பேச்சாளர், மூன்று ஊர்

எங்கள் மருத்துவர் சங்கத்தின் தருமபுரி கிளைக்கு வல்லுநர்களை அழைப்பது என் பொறுப்பு. முதலில் சொல்ல வேண்டியது: ஒரு கிளைக்காக மட்டும் யாரையும் அழைக்காதீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்றும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கின்றன. பெங்களூரிலிருந்து வருபவர் சனி மாலை ஓசூரில் பேசட்டும், ஞாயிறு காலை கிருஷ்ணகிரி, பிற்பகல் தருமபுரி. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, அதனால் கார்தான். வாடகை, தங்குமிடம், சாப்பாடு என்று கிளைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சேலம் பக்கமாகத் திரும்புபவரை விபத்துகள் அதிகம் நடக்கும் தொப்பூர் கணவாயை இருட்டுவதற்குள் தாண்ட வையுங்கள்.

தலைப்பைப் பேச்சாளரிடம் விடாதீர்கள். ஒருமுறை அப்படி விட்டேன். பெரிய நகரத்துக் கருவிகளைப் பற்றியே ஒன்றரை மணி நேரம் போனது. நம் ஊர்ப் பிரச்சினை குடிநீரில் இருக்கும் ஃபுளோரைடு. பற்களில் கறையோடு வரும் பிள்ளைகள், மூட்டு விறைத்து வரும் பெரியவர்கள். அடுத்த முறை உறுப்பினர்களிடம் பத்துக் கேள்விகள் வாங்கி, மூன்று வாரம் முன்பே அனுப்பினேன். அன்று பேச்சு நாற்பது நிமிடம், கேள்வி நேரம் ஒரு மணி. யாரும் எழுந்து போகவில்லை. அப்புறம், ஜெனரேட்டர் இருக்கும் மண்டபமாகப் பாருங்கள்.