ஹீட்டட் கிரிப் மாட்டுகிறீர்களா? ஆக்சிலேட்டர் பக்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்

ஹீட்டட் கிரிப் (குளிரில் கையைச் சூடாக்கும் பைக் கைப்பிடி) என்றதும் எல்லோருக்கும் வயரிங்கை நினைத்துத்தான் பயம். உண்மையில் வயரிங் சுலபம், பொறுமை வேண்டியது வலது கைப்பிடிக்குத்தான். அது சரியாக உட்காராவிட்டால் ஆக்சிலேட்டர் திரும்பி வராது, அதைவிட ஆபத்து வேறு இல்லை.

வாங்கும் முன் ஹேண்டில்பாரின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பைக்குகளில் 22 மி.மீ., சில குரூஸர்களில் 25.4 மி.மீ. நீளமும் பாருங்கள், ஏனென்றால் ஹீட்டட் கிரிப்பை வெட்டிக் குறைக்க முடியாது, உள்ளே சூடேற்றும் கம்பி ஓடுகிறது (வெட்டலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு). அடுத்தது கரண்ட். ஒரு செட் முழுச் சூட்டில் சுமார் 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 36 முதல் 48 வாட், அதாவது வண்டியில் இன்னொரு ஹெட்லைட்டை எரியவிட்ட மாதிரி. பெரிய பைக்குக்கு இது பொருட்டே இல்லை, சின்ன இன்ஜினுக்கு யோசிக்கவேண்டிய சுமை.

சரி, வேலைக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பார் எண்ட் வெயிட் (ஹேண்டில்பாரின் முனையில் மாட்டியிருக்கும் எடை) இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பழைய கிரிப்பைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். திரும்பப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் கீறாமல், மெல்லிய ஸ்க்ரூடிரைவரை உள்ளே நுழைத்துச் சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

இப்போது வலது பக்கம். கிரிப்புக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் குழலில் பெரும்பாலும் நீள வரம்புகளும் மேடுகளும் இருக்கும், பழைய ரப்பர் அவற்றில்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஹீட்டட் கிரிப்பின் உட்பக்கம் கடினமான பிளாஸ்டிக் என்பதால் அது வளைந்துகொடுக்காது, மேடுகளைத்தான் அரத்தால் ராவவேண்டும். கொஞ்சம் ராவி, கிரிப்பை நுழைத்துப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று கவனித்து, மறுபடி அந்த இடத்தை மட்டும் ராவுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக ராவினால் குழல் மெலிந்துபோகும், அப்புறம் புதுக் குழல்தான். கையால் தள்ளினால் இறுக்கமாக ஏறவேண்டும், சுத்தியலால் தட்டவே கூடாது, உள்ளே இருக்கும் கம்பி அறுந்துவிடும்.

பசை போடும் முன் வயர் எந்தத் திசையில் வெளியே வரவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பாருங்கள், விட்டுப் பாருங்கள். இரண்டு நிலையிலும் வயர் பிரேக் லீவரிலோ சுவிட்ச் பெட்டியிலோ இடிக்கக் கூடாது, இழுபடவும் கூடாது. சரியான இடத்தைப் பேனாவால் குறித்துவையுங்கள், ஏனென்றால் கூடவே கொடுக்கும் பசை சட்டென்று இறுகும், பாதி வழியில் நின்றால் அங்கேயே நின்றுவிடும். ஒட்டும் பரப்பை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, பசை தடவி, லேசாகத் திருகியபடி ஒரே மூச்சில் தள்ளுங்கள். பசை குழலுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே கசியவே கூடாது. கிரிப்பின் முனைக்கும் பார் எண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி வேண்டும். இடது பக்கம் நேராக ஹேண்டில்பாரிலேயே ஒட்டுவதால் இவ்வளவு பாடு இல்லை. அந்தப் பக்கச் சூட்டை உலோகம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சில செட்டுகளில் இடது கை கொஞ்சம் குறைவாகவே சுடும், அது பழுது அல்ல.

வயரை டேங்க் அடியில் கொண்டுபோகும்போது ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துத் தாராளமாகத் தளர்வு விட்டுக் கட்டுங்கள். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், கூடுமானவரை டெர்மினலுக்கு அருகிலேயே. எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பது செட்டோடு வரும் தாளில் இருக்கும். அங்கிருந்து ரிலேக்கு, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சுக்கு. அதன் முனைகளில் எண் போட்டிருக்கும்: ஃபியூஸிலிருந்து வருவது 30-க்கு, 87-லிருந்து கிரிப்பின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலருக்கு, 85 எர்த்துக்கு, 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு வயர், உதாரணமாக டெயில் லேம்ப்புக்குப் போவது. ரிலே இல்லாமல் நேராகப் பேட்டரியில் கொடுத்தால், அணைக்க மறந்த ஒரு ராத்திரியில் பேட்டரி காலி.

நெகட்டிவை மாட்டியபின் இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் கிரிப்பும் முழுச் சூட்டில் இருக்க, வழக்கமாக ஓட்டும் ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நிம்மதி. 12.5-க்கு இறங்கினால் பேட்டரி கரைகிறது என்று அர்த்தம், சூட்டைக் குறைத்துத்தான் ஓட்டவேண்டும். அப்புறம் ஹேண்டில்பாரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாகத் திருப்புங்கள். ஐடிலிங் ஏறினால் ஏதோ ஒரு வயர் அல்லது கேபிள் இழுபடுகிறது, அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஆக்சிலேட்டரை எங்கே விட்டாலும் டக்கென்று தானாக மூடவேண்டும். பசை முழுதாக இறுகச் சொல்லியிருக்கும் நேரம் முடியும்வரை ஹீட்டரைப் போட்டு ஓட்டாதீர்கள்.