வெளிச்சுவரைப் பிரஷர் வாஷரால் கழுவுதல்: அழுத்தம் குறைவாக, ஆனால் ஆண்டு தவறாமல்

வெளிச்சுவரில் பாசி படர்வதைத் தோற்றம் சார்ந்த குறையாக மட்டுமே கருதி, அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோர் பலர். ஆனால் பாசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை நின்று சுவரின் மற்றப் பகுதிகள் உலர்ந்துவிட்ட பிறகும், அது படர்ந்த இடம் மட்டும் நெடுநேரம் நனைந்தே கிடக்கும். அந்த ஈரத்தில் பெயிண்ட் படலம் பிடிப்பை இழந்து, கொப்புளம் விட்டு, உரியத் தொடங்கும். உரிந்த இடத்தின் வழியே நீர் சிமென்ட் பூச்சுக்குள் இறங்கும். கற்பாசி இன்னும் பிடிவாதமானது. அதன் நுண்ணிழைகள் மேற்பரப்பின் துளைகளுக்குள் புகுந்துகொள்வதால், முற்றிய பிறகு சுரண்டினால் பூச்சின் துகள்களும் சேர்ந்தே பெயர்ந்து வரும்.

ஆண்டுக்கு ஒரு முறை வெளிப்புறத்தைத் தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் கருவியான பிரஷர் வாஷரால் கழுவினால் இந்தச் சேதம் தொடக்கத்திலேயே நின்றுவிடும். பெயிண்ட்டின் ஆயுள் நீளும். படிகளிலும் நடைபாதையிலும் வழுக்கி விழும் ஆபத்து குறையும். எனினும், இவற்றைவிடப் பெரிய நன்மை வேறொன்று என்பது என் கருத்து: ஓராண்டு அழுக்கை அகற்றக் குறைந்த அழுத்தமே போதும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டுவிட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் நீக்க நினைப்பவர், அழுத்தத்தைக் கூட்டி, முனையைச் சுவருக்கு மிக அருகே கொண்டுபோய், பாசியோடு பெயிண்ட்டையும் உரித்துவிடுகிறார். சுவருக்கு நேரும் இந்தச் சேதத்துக்குக் கருவியைக் குறை சொல்வது சரியல்ல. பல ஆண்டுகள் கழுவாமல் விட்டதே காரணம்.

முதலில் விலக்க வேண்டியவை

எல்லாப் பரப்புகளும் இந்த முறைக்கு ஏற்றவை அல்ல. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எக்காரணம் கொண்டும் பிரஷர் வாஷரால் கழுவக்கூடாது. நீர்த்தாரையின் வேகத்தில் அதன் நார்கள் பிரிந்து சுற்றுப்புறமெங்கும் பரவும், அவற்றைச் சுவாசிப்பது நுரையீரலுக்குப் பெருங்கேடு. சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்ட பழைய செங்கல் சுவர்களில் இணைப்புக் காரையே கரைந்து வெளியேறிவிடும் என்பதால், அங்கே மென்மையான தூரிகையும் சாதாரணக் குழாய் நீருமே தகும். ஈயம் கலந்த பழைய பெயிண்ட் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அதைப் பரிசோதித்து அறியும்வரை சுவரைத் தொட வேண்டாம்.

சுவரில் வெண்மையாகப் படியும் உப்புப் பூப்பைப் பலர் அழுக்கென்று எண்ணித் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அது சுவருக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்ததன் அடையாளம். மேலும் நீரை உள்ளே செலுத்தினால் உப்பு மறுபடியும் பூக்கும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து அகற்றிவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே சரியான வழி.

ஆயத்தம்

கழுவுவதற்கு முன் சுவரைச் சுற்றி நடந்து, கண்ணுக்குத் தெரியும் விரிசல்களை அடைத்து, அந்த அடைப்பு முழுமையாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும். கான்கிரீட்டின் விரிசலுக்குள் பாயும் நீர் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். ஜன்னல்களையும் கதவுகளையும் இறுக மூடி, வெளிப்புற மின் பிளக்குகளையும் விளக்குகளையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, அவற்றுக்கான மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். ஏசியின் வெளிப்பெட்டிக்கு நேரே தாரையைப் பாய்ச்சக்கூடாது. அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் எளிதில் மடங்கிவிடும். கருவியை மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டுமே பொருத்துங்கள். பெட்ரோலில் இயங்கும் கருவியானால் அது எப்போதும் திறந்த வெளியில் இருக்க வேண்டும். மூடிய இடத்தில் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

முனையும் அழுத்தமும்

முனைகள் பெரும்பாலும் நிறத்தால் அடையாளம் காணப்படுகின்றன. ஒவ்வொரு நிறமும் தாரை விரியும் கோணத்தைக் குறிக்கும்: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. கறுப்பு முனை சோப்புக் கரைசலைத் தெளிப்பதற்கு. வீட்டுச் சுவருக்கு வெள்ளை முனையே முதல் தெரிவு. சிவப்பு முனையைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். ஊசிபோல் குவியும் அதன் தாரை பெயிண்ட்டில் கோடு கிழிக்கும், மரத்தில் பள்ளம் தோண்டும்.

வீட்டு உபயோகத்துக்கான மின் கருவிகள் பொதுவாக அதிகபட்சம் 100 முதல் 140 பார் வரை அழுத்தம் தருபவை. பார் என்பது அழுத்தத்தின் அலகு; ஒரு பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). பெயிண்ட் அடித்த சுவருக்கு 100 பாருக்குக் குறைவாக வைத்து, மூன்று அடி தூரத்தில் தொடங்கி, அழுக்கு கழன்று வரும் தூரம்வரை மட்டும் மெல்ல நெருங்க வேண்டும். ஓரடிக்குள் போகவே வேண்டாம். இந்தச் சோதனையைக் கண்ணில் படாத ஒரு மூலையில் செய்துபார்ப்பது நல்லது. மரப் பலகைகளுக்கு இதில் பாதி அழுத்தமே தாராளம், அதுவும் மர நாரின் போக்கிலேயே கழுவ வேண்டும். சிமென்ட் தரை கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்.

கழுவும் முறை

மோட்டாரை இயக்குவதற்கு முன் குழாயைத் திறந்து, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்து, உள்ளே அடைபட்ட காற்று முழுவதும் வெளியேறித் தண்ணீர் சீராக வரும்வரை விட வேண்டும். தண்ணீரின்றி ஓடும் பம்ப் விரைவில் பழுதாகும்.

சுவரை முதலில் வெறும் நீரால் நனைத்து, பிறகு சோப்புக் கரைசலைக் கீழிருந்து மேலாகத் தெளியுங்கள். மேலிருந்து தொடங்கினால், கரைசல் உலர்ந்த அழுக்கின் மீது கோடு கோடாக வழிந்து, பின்னர் எளிதில் மறையாத தடங்களை விட்டுச்செல்லும். பாசி மிகுந்த இடங்களில் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) கரைசலைத் தெளித்து, 10 நிமிடங்கள் ஊறவிட்டால் பாசி மடியும். நீரின் அழுத்தம், மடிந்த பாசியை அலசுவதற்கு மட்டுமே. உண்மையில் துப்புரவு செய்வது இந்த ஊறல்தான். ஊறும் நேரத்தில் கரைசல் உலர்ந்துவிடக்கூடாது என்பதால், வெயில் நேராக விழாத பக்கத்தில் வேலை செய்வது உகந்தது. அருகிலுள்ள செடிகளை முன்னரும் பின்னரும் நல்ல நீரால் நனைத்துவிடுங்கள். இந்தக் கரைசலோடு அமிலம் கலந்த கழிவறைத் துப்புரவு நீர்மத்தையோ அம்மோனியா உள்ளவற்றையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு உருவாகும்.

அலசும்போது மேலிருந்து கீழாக, சுமார் ஒரு மீட்டர் அகலப் பகுதிகளாக, முனையை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். தாரை கீழ்நோக்கியே சரிந்திருக்கட்டும். மேல்நோக்கிப் பாய்ச்சினால் ஜன்னல் சட்டங்களின் இடுக்குகள் வழியே நீர் வீட்டுக்குள் புகும்.

ஏணியில் நின்றுகொண்டு இதைச் செய்யாதீர்கள். விசையை அழுத்தியதும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். ஏணியில் அந்த உதைப்பைத் தாங்கப் பிடிமானம் இருக்காது. உயரமான இடங்களுக்கு நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்தலாம், அல்லது தொழில்முறையாளரை அழைக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் முழுமையாக மூடிய காலணியும் கட்டாயம். தாரை தோலைத் துளைத்துவிட்டால், வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே திசுக்கள் ஆழமாகச் சிதைந்திருக்கக்கூடும். தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கழுவி முடித்ததும் உடனே கருவியை எடுத்துவைக்கப் போய்விடாமல், சுவர் உலர்வதைச் சற்று நின்று பாருங்கள். பரப்பு முழுவதும் வெளுத்துக்கொண்டே வரும்போது, மயிரிழை விரிசல்கள் மட்டும் உள்ளே நீரைப் பிடித்திருப்பதால் கரிய கோடுகளாகத் தனித்துத் தெரியும். அழுக்கு மூடியிருந்தபோது எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சிக்காதவை இவை. ஒரு பென்சிலால் அவற்றை அப்போதே குறித்துவைத்துக்கொண்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பின் அடைத்துவிடலாம். பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் குறைந்தது இரண்டு நாள் வறண்ட வானிலையில் காயவிட வேண்டும், நிழல் விழும் பக்கத்துக்கு அதைவிடக் கூடுதலாக.

கருவியை அணைத்த பிறகு குழாயை மூடி, விசையை மீண்டும் அழுத்தி, எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே இணைப்புகளைக் கழற்றுங்கள். சோப்புத் தொட்டியில் நல்ல நீர் ஊற்றி ஓடவிட்டு, பம்பில் தங்கிய நீரையும் வடித்துவிட்டால், கருவி அடுத்த ஆண்டும் சிக்கலின்றி இயங்கும்.